டெட்டாலா, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலா?

பழைய வார்ஹாமர் (மேசை மேல் ஆடும் போர் விளையாட்டு) பொம்மை மலிவாகக் கிடைத்தது, ஆனால் முகமே தெரியாத அளவுக்கு பெயின்ட் என்றால், அதை உரிக்க எதில் ஊறப்போடுவது?

நேரம்: 99 சதவீத ஆல்கஹாலில் அக்ரிலிக் பெயின்ட் பெரும்பாலும் சில மணி நேரத்தில் இளகிவிடும். டெட்டாலில் ஒரு ராத்திரியாவது வேண்டும்.

கழுவுவது: ஆல்கஹாலுக்குப் பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். டெட்டாலில்தான் வம்பு. ஊறியதும் நேராகத் தண்ணீரில் காட்டினால் பெயின்ட் தார் மாதிரி பிசுபிசுத்து கவச இடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும், அதனால் டெட்டாலிலேயே தேய்த்து முடித்துவிட்டு அப்புறம்தான் குழாயடிக்குப் போக வேண்டும் (ஒரு வாளை இப்படித்தான் பாழாக்கினேன்).

வாடை: ஆல்கஹால் சீக்கிரம் பறந்துவிடும், ஆனால் அடுப்புப் பக்கம் கூடாது. டெட்டால் நாள்கணக்கில் மணக்கும்.

பிளாஸ்டிக், உலோகம் என்றால் என் ஓட்டு ஆல்கஹாலுக்கு. ஒன்றிரண்டு பொம்மைதான், அவசரமில்லை என்றால் டெட்டால் சரி. ரெசின் (வார்ப்புப் பிசின்) பொம்மையா? இரண்டில் எதில் ஊறப்போட்டாலும் அடிப்பாகத்தில் ஒரு மூலையில் முதலில் தொட்டுப் பாருங்கள்.