சிங்கப்பூர் வெயிலுக்குக் குடையா, சன்ஸ்கிரீனா, முழுக்கைச் சட்டையா?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை, அப்புறம் சாப்பாடு. வெயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மதுரையில் 40 டிகிரி பார்த்தவனை இங்குள்ள 33 என்ன செய்துவிடும் என்ற தைரியம். எண் குறைவுதான். ஆனால் காற்றிலிருக்கும் ஈரம் வியர்வையை உலரவிடாது. நிலநடுக்கோடு பக்கத்திலேயே இருப்பதால், மேகமில்லாத நாளில், தோலைச் சுடும் கதிரை அளக்கும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும், அது உச்சக்கட்ட நிலை. போதாததற்குக் கடிகாரம் வேறு. 1982-இல் நேரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிவாக்கில். காப்பிக்கடைக்குச் சாப்பிடக் கிளம்புவதும் அப்போதுதான்.

மூன்றையும் பயன்படுத்திவிட்டு நான் குடையில் நின்றுவிட்டேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முழுக்கைச் சட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யுபிஎஃப் 50 என்று போட்ட துணி, புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். போட்டால் போட்டதுதான், கரையாது. உணவு டெலிவரி செய்பவர்கள் கையில் மாட்டும் உறையும் இதே கதைதான். முகமும் பின்கழுத்தும் மட்டும் வெளியே கிடக்கும்.

சன்ஸ்கிரீன் காகிதத்தில் கெட்டிக்காரன். எஸ்பிஎஃப் 30 என்றால் சருமத்தைச் சிவக்கவைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தாராளமாகப் பூசி எடுத்த கணக்கு அது. அவ்வளவு யார் பூசுகிறார்கள்? வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், வியர்த்தால் அதற்கும் முன்பே. காலை எட்டு மணிக்குப் பூசியது மதியச் சாப்பாட்டுக்குள் பாதி கைக்குட்டைக்குப் போயிருக்கும். நம் நிறத்தில் சில கிரீம்கள் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது தனிக்கதை. இத்தனையும் செய்தாலும் சூடு ஒரு துளி குறையாது, தோல் மட்டும் தப்பிக்கும்.

எனக்கு முடிவைச் சொன்னது இந்தப் பராமரிப்புத்தான். இந்த ஊர் வெயில் துண்டு துண்டாக வரும். எம்ஆர்டி ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் சுற்றளவில் பல இடங்களுக்குக் கூரையிட்ட நடைபாதை உண்டு. சிராங்கூன் சாலையில் பழைய கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே போகும் ஐந்தடி நடை உண்டு. இடையே சாலையைக் கடக்கும்போதும், திறந்த கார் நிறுத்தத்தைத் தாண்டும்போதும்தான் உரிக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்காக நாள் முழுக்க முகத்தில் ஒரு பூச்சைக் காப்பாற்றுவதா? குடையை விரித்தோம், மடக்கினோம், வேலை முடிந்தது. உச்சிவெயில் நேர் மேலே இருப்பதால் நிழலும் சரியாக நம் மீதே விழுகிறது, தலையும் தோளும் காயாது. மூன்று மணிக்கு இடியோடு மழை கொட்டினாலும் கையிலிருப்பது அதே குடை.

அதற்கும் பராமரிப்பு உண்டு. நனைந்ததை அப்படியே மடித்துப் பையில் திணித்தால் நாறும், கம்பி துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் விரித்து வைக்க வேண்டும். உள்ளே கறுப்புப் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். பூச்சு முதலில் தேய்வது மடிப்பில்தான். விளக்குக்கு நேராகப் பிடித்து ஊசித் துளையாக வெளிச்சம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும் தேக்கா சந்தைப் பக்கம் மட்டும் விரிக்காதீர்கள், யார் கண்ணையாவது குத்திவிடும். வெயிலுக்குக் குடை பிடிக்கச் சில ஆண்கள் கூசுகிறார்கள். நம் தாத்தாக்கள் கூசவில்லை.

நான் சொல்வது அலுவலகம் போய்வரும் நடைக்கு. நாள் முழுக்க வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்குக் கையில் குடை ஆகாது, அங்கே எனக்கு அனுபவமும் இல்லை. அவர்களுக்கு முழுக்கையும் கழுத்துத் துணியும் தண்ணீரும் ஓய்வும்தான். ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்புக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரவேண்டும் என்று 2023-இல் மனிதவள அமைச்சு விதித்திருக்கிறது.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை என்றால் நானும் கிரீமுக்குத்தான் போவேன். மணலிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் கதிர் குடைக்குக் கீழே புகுந்துவிடும், சைக்கிளில் குடையும் பிடிக்க முடியாது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பூசிவிடுங்கள். மணலைப் பார்த்த பிறகு ஒருத்தரும் நிற்கமாட்டார்கள்.