புது வண்டியை நாற்பதில் ஓட்டுவது: பெட்ரோலுக்குச் சரி, மின்சாரத்துக்கு?

தங்கை வீட்டுக்காரர் மின்சார ஸ்கூட்டர் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை. கேட்டால், "ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும் மச்சான், மோட்டார் செட் ஆகணும்" என்கிறார்.

பெட்ரோல் வண்டி என்றால் அது நியாயமான பேச்சு. சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். பிஸ்டன் ரிங் அதில் உரசி, மேடு தேய்ந்து, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். முதல் சர்வீஸில் வடிக்கிற ஆயிலை வெயிலில் காட்டிப் பாருங்கள், வெள்ளித்தூள் போட்டதுபோல் மினுமினுக்கும். அத்தனையும் தேய்ந்த உலோகம்.

மின் மோட்டாரில் இந்தத் தேய்மானமே கிடையாது. சுழலும் ரோட்டரும் சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டரும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவே மெல்லிய காற்று இடைவெளி, காந்த விசைதான் சுற்றுகிறது. உரசுவது பேரிங் மட்டும், அதுவும் கிரீஸ் வைத்து மூடியது. பழைய மோட்டார்களில் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்க, கார்பன் பிரஷ் என்ற கரித்துண்டு அதை உரசி நிற்கும். அந்த முனை தேய்ந்து பொருந்த நேரம் பிடிக்கும். இன்றைய ஸ்கூட்டர்களில் பிரஷ்ஷே இல்லை.

மின்சார வண்டிகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டிவிஎஸ் ஐகியூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது, நடுவில் எதுவுமில்லை. ஏதர் 450-இல் பெல்ட். அதன் இழுவிசையைச் சர்வீஸில் பார்க்கச் சொல்ல வேண்டும். பஜாஜ் சேத்தக்கின் பல மாடல்களில் கியர், பல்லோடு பல் உரசுகிற இடம் என்பதால், கையேட்டில் ஏதாவது சொல்லியிருந்தால் அதன்படி நடப்பதே நல்லது.

பேட்டரி? முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போடும் பழக்கம் நிக்கல் பேட்டரி காலத்தது. லித்தியம் செல்லுக்கு முதல் சார்ஜ் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது.

எனக்குக் கவலை டயரும் பிரேக்கும்தான். புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை ஈரத் திருப்பத்தில் சாய்க்கவே கூடாது. மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை தருவதால், ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கும். பிரேக் பேடும் தட்டில் உரசித்தான் படியும். ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால், பேடுக்கு வேலை குறைவு, படியவும் நாளாகும். காலிச் சாலையில் நாற்பதிலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை நிதானமாகப் பிரேக் பிடித்து, நடுநடுவே ஆறவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையோடு அதைத்தான் செய்தோம். அப்புறம் பைபாஸில் அறுபதில் வந்தார்.