அட்டவணைப் பெயரை அளவுருவாகக் கொண்ட வினவல்கள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அட்டவணைப் பெயரை மட்டும் மாற்றித் தந்து, ஒரே வினவலை (டேட்டாபேஸுக்கு இடும் கட்டளையை) எல்லா அட்டவணைகளுக்கும் பொதுவாக எழுத முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் எழுதி வருகிறேன். ஆனால் சென்ற வாரம் இரண்டு இரவுகளை விழுங்கிய ஒரு பழுதைச் சரிசெய்த கையோடு இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்த அட்டவணை என்று தெரியாமல் டேட்டாபேஸ் ஒரு வினவலை அலச முடியாது. ஆகவே வினவல் ஓடும்போது நிரப்பப்படும் அளவுருவின் இடத்தில் மதிப்பைத் தரலாம், அட்டவணைப் பெயரைத் தர முடியாது. பெயரை ஃபார்மேட் என்ற ஃபங்ஷன் கொண்டு வினவலின் எழுத்துச் சரத்தில் கோத்து, மதிப்புகளை யூஸிங் என்ற சொல்லின் வழியாகத் தனியே அனுப்பி, எக்ஸிகியூட் கட்டளையால் ஓட்டுவதே வழி. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பதிவுகளை நீக்க 40 அட்டவணைகளுக்குத் தனித்தனியே இருந்த நிரல்கள் ஒரே ஃபங்ஷனுக்குள் அடங்கின.

தீராத எரிச்சல் ஒன்றுதான். ஃபார்மேட்டில் விழுக்காட்டுக் குறியும் பெரிய 'ஐ' எழுத்தும் சேர்ந்தால், கொடுத்த சரம் முழுவதையும் ஒரே பெயராகக் கொண்டு, தேவைப்பட்டால் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துவிடும். எங்கள் அட்டவணைகள் 'விற்பனை' என்ற ஸ்கீமாவுக்கு (அட்டவணைகளை ஒரு பெயரின் கீழ் தொகுத்து வைக்கும் பிரிவுக்கு) மாறியதும், 'விற்பனை.ரசீது' என்பது ஸ்கீமாவும் அட்டவணையுமாகப் பிரியாமல், புள்ளியையும் உள்ளடக்கிய ஒற்றைப் பெயராகிவிட்டது. ஃபங்ஷனை உருவாக்கும்போது எந்த எச்சரிக்கையும் இல்லை. நள்ளிரவில் ஓடும்போதுதான் அட்டவணை இல்லை என்ற பிழை வந்தது. அட்டவணை உண்மையிலேயே இல்லாதபோதும் அதே வாசகம்தான் எழுத்து மாறாமல் வருமென்பதால், பிழைச் செய்தியின் முதல் வரியை மட்டும் சேமிக்கும் எங்கள் பதிவுக் கோப்பில் வேறுபாடே தெரியவில்லை. பிழைச் செய்தியாவது இதைப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டாமா?

அளவுருவின் வகையை வெறும் எழுத்தைக் கொள்ளும் டெக்ஸ்ட் என்பதிலிருந்து, உள்ள அட்டவணையையே குறிக்கும் ரெஜ்கிளாஸ் என்று மாற்றி, ஃபார்மேட்டில் சிறிய 'எஸ்' எழுத்தைப் பயன்படுத்தியதும் பழுது தீர்ந்தது. இல்லாத அட்டவணையை அது வாசலிலேயே மறுத்துவிடுகிறது; தேவையான மேற்கோளையும் ஸ்கீமாவையும் தானே சேர்த்துக்கொள்கிறது; பெயரென்ற போர்வையில் வேறு கட்டளையை நுழைக்கவும் இடமில்லை. தொடக்கத்திலேயே இதைக் கையாளாதது என் தவறுதான்.

இவ்வளவு பாராட்டியும், நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவருடைய அட்டவணைகள் மாதவாரியாகப் பிரிந்த, ஒரே அமைப்புடையவை. 2017இல் வெளியான 10ஆம் பதிப்பிலிருந்து ஓர் அட்டவணையை அப்படிப் பகுதிகளாக வகுக்கும் வசதி போஸ்ட்கிரெஸ்ஸிலேயே இருக்கிறது. அதில் தாய் அட்டவணையின் பெயரை மட்டும் எழுதினால் போதும். பெயரை அளவுருவாக்கும் தேவையே அவருக்கு எழாது.