பந்து பெஞ்சுக்கு அடியில் போகாதவரை நல்ல பயிற்சி

மதுரையிலிருந்து நண்பன் நேற்று போனில் கேட்டான். “ரவுண்டு ஓடாம, விளையாடியே ஸ்டாமினா ஏறுமாடா? எட்டு மாசமா பண்றீங்களே?” ஏறும் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் முந்தின நாள் இரவுக் கூத்து நெஞ்சிலேயே நின்றதால் முக்கால் மணி நேரம் புலம்பிவிட்டேன்.

ஃபுட்சால் (ஹாலுக்குள் அணிக்கு ஐந்து பேராக ஆடும் கால்பந்து) ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த முறைதான். பாதி கோர்ட், 20க்கு 20 மீட்டர், 3க்கு 3, சின்ன கோல். 4 நிமிஷம் ஆட்டம், 3 நிமிஷம் ஓய்வு, இப்படி நாலு தடவை. கோல்கீப்பரை வைத்தும் பார்த்தோம். எல்லோரும் பின்னால் இறங்கிக் காவல் காக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஓட்டம் குறைந்துபோனது. 5க்கு 5 ஆடினால் பந்து இல்லாத பக்கமாக இடுப்பில் கை வைத்து நிற்கலாம். மூன்று பேரில் ஒளிய இடமே கிடையாது.

எனக்கு வயது 36. வயதை 0.7 ஆல் பெருக்கி 208இல் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு ஏறக்குறைய 183, தோராயக் கணக்குதான். ஸ்டாமினா ஏற அதில் 90 சதவீதத்தையாவது தொட வேண்டும், அது 165. ஆட்டம் சூடு பிடித்தால் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை தானாகவே 170ஐத் தொடுகிறது, ஓடுகிற நினைப்பே இருக்காது. பீப் சத்தத்துக்குள் போய்த் திரும்பி, வேகம் கூடக் கூட ஓடும் யோ-யோ டெஸ்டில் ஆரம்பத்தில் 640 மீட்டரில் நாக்குத் தள்ளியது, ஐந்தாம் மாதம் 1,000 வந்தது. நடுவில் ராத்திரிப் பரோட்டாவையும் விட்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, கூத்துக்கு வருகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பந்து. ஃபுட்சால் பந்து அதிகம் எகிறாது, ஆனால் மரத்தரையில் உருண்டுகொண்டே போகும். நேராக கேலரி பெஞ்சுக்கு அடியில். ஒருவன் குப்புறப் படுத்து, யாரோ விட்டுப்போன பேட்மிண்டன் ராக்கெட்டால் துழாவுகிறான். பந்து ஒட்டடையோடு வெளியே வருகிறது. அதற்குள் என் வாட்ச்சில் 171, 158, 146, 139. மேட்ச்சில் பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும், உள்ளே போட 4 வினாடிதான். இங்கே கடிகாரத்தை நிறுத்தினால் ஹாலுக்குக் கட்டிய ஒரு மணி நேரம் பாதியில் தீர்ந்துவிடும். நிறுத்தாவிட்டால் 4 நிமிஷத்தில் உருப்படியாக ஓடுவது இரண்டரை.

நடுவில் நானே நாலு பந்து வாங்கி ஓரத்தில் வைத்தேன். இரண்டு வாரம் சொர்க்கம்! ஒன்று வெளியே போன அடுத்த நொடி இன்னொன்று உள்ளே. ஓய்வில் யாருக்கும் பேசக்கூட மூச்சில்லை. அப்புறம் ஒன்றில் காற்று போனது, ஒன்று யாரோ ஒருவரின் அக்கா பையனிடம் போனது, மற்ற இரண்டும் எந்தக் கார் டிக்கியில் கிடக்கின்றன என்று இன்றுவரை தகவல் இல்லை.

அந்தக் கூத்து நடந்த இரவு கத்தினேன். கூட ஆடும் தம்பி அசராமல் சொன்னான்: “பந்து எடுக்கப் போறதும் ரன்னிங்தானண்ணே.” சொல்லிவிட்டு நடந்து போனான். நின்ற இடத்திலேயே எனக்கு 139 மறுபடி 152 ஆனது.

கடைசியில் நண்பனிடம், “பேசாம தெப்பக்குளத்தைச் சுத்தி ஓடு” என்றேன். “அப்ப நீ நிறுத்திட்டியா?” என்றான். வியாழக்கிழமை ஹாலுக்கு என் பங்கை அனுப்பியாகிவிட்டது.