பத்து குதிரைத்திறன் பழைய அவுட்போர்டு: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

படகின் பின்புறம் மாட்டிக் கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன மோட்டாரைப் (அதுதான் அவுட்போர்டு) பழசாக வாங்கப் போனால் இந்த இரண்டில் ஒன்றுதான் கைக்கு வரும். ஒரே கம்பெனியில் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டால் ஒப்பிடுவது சுலபம். தொஹாட்சு எம்9.8 டூ ஸ்ட்ரோக்: 169 சி.சி., சுமார் 26 கிலோ. அதே சக்தியில் எம்.எஃப்.எஸ்.9.8 ஃபோர் ஸ்ட்ரோக்: 209 சி.சி., சுமார் 37 கிலோ. இரண்டுக்கும் இரண்டிரண்டு சிலிண்டர்தான். படகைக் கரையேற்றிவிட்டு மோட்டாரைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்தப் பதினோரு கிலோ தினமும் உறைக்கும்.

எரிபொருளில் கதை தலைகீழ். கார்ப்பரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாசல் மூடுவதற்குள் புதுக் கலவையும் உள்ளே வந்துவிடுவதால், ஊற்றும் பெட்ரோலில் கால்வாசியளவு எரியாமலே கடலுக்குப் போகிறது. அதோடு 50:1 கணக்கில் லிட்டருக்கு 20 மில்லி, 12 லிட்டர் டேங்குக்கு 240 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். அது படகு மோட்டாருக்கான டி.சி.-டபிள்யூ3 தரத்தில் இருக்க வேண்டும். பைக் ஆயில் ஆகாது. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அடியில் 800 மில்லி எஞ்சின் ஆயில் ஊற்றி, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் லாபம், ஆனால் அது நல்ல நிலையில் இருந்தால் மட்டும்.

எதை வாங்கினாலும் முதலில் இவை

பார்க்க வேண்டிய முதல் இடம் கீழ்க் கியர்பெட்டி. அடித் திருகை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் போல வெளுத்திருந்தாலோ சீல் போய்விட்டது. பெரும்பாலும் விசிறி அச்சில் சுற்றிய தங்கூஸ் நரம்புதான் (மீன்பிடி நைலான் இழை) அந்தச் சீலை அறுத்திருக்கும். விசிறியைக் கழற்றினால் நரம்பு அங்கேயே இருக்கும். காந்தத் திருகில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில் இருந்தால் பல் உடைந்திருக்கிறது, பேரத்தை நிறுத்தலாம். புது ஆயிலை அடித் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் மேல் திருகை முதலில் பூட்டுங்கள்; அப்போதுதான் அடித் திருகைப் போடுவதற்குள் ஆயில் இறங்காது. இரண்டு வாஷரும் புதுசாக இருக்க வேண்டும்.

இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரம்) எப்படியிருக்கிறது என்று விற்பவரைக் கேட்காதீர்கள். புதுசு போட்டுவிடுவதே நல்லது. பழசில் ஒரு இதழ் குறைந்தால் அது மேலே குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோ சிக்கியிருக்கும், தேடி எடுக்காவிட்டால் புது இம்பெல்லரும் சூட்டைத் தடுக்காது. பூட்டும்போது அச்சைக் கடிகார முள் திசையில் சுற்றிக்கொண்டே மூடியை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். எஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்கு இறங்கும் அச்சான டிரைவ் ஷாஃப்ட்டின் பல்வரிக்குக் கிரீஸ் பூசலாம். உச்சி முகத்தில் பூசினால் கிரீஸ் அடைத்துக்கொண்டு ஷாஃப்ட் முழுதாக உட்காராது.

கம்ப்ரஷன்: ஒரே கேஜ், இரண்டு பாடம்

இரண்டு பிளக்கையும் கழற்றி, நிறுத்தும் சுவிட்சின் கயிற்றுக் கிளிப்பை உருவிவிடுங்கள் (நெருப்பு வராது, பிளக்குக்கு மின்பொறி தரும் சி.டி.ஐ. பெட்டியும் தப்பிக்கும்). சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கேஜை ஒவ்வொரு பிளக் துளையிலும் பூட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் 100 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இரண்டும் சமமாக வந்தால் நல்லது. மொத்த எண்ணைவிட வித்தியாசம் முக்கியம்: 15 சதவீதத்துக்கு மேல் போனால் ஒரு சிலிண்டருக்கு நோய். குறைந்ததில் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி இழுங்கள். ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட் அல்லது பிஸ்டன். பிஸ்டன் தலை ஒன்று மட்டும் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தால் அங்கே தண்ணீர் புகுகிறது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. கயிறு இழுக்க லேசாக இருக்கட்டும் என்று பல மாடல்களில் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் டிகம்ப்ரஷன் அமைப்பு வைத்திருப்பார்கள். நல்ல எஞ்சினும் குறைவாகக் காட்டும். வால்வு இடைவெளி இறுகியிருந்தாலும் எண் இறங்கும், அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் தீர்ப்பு. இங்கே கேஜைவிட ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்தான் உண்மை சொல்லும். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறி, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம், அல்லது சூடேறாமல் மெதுவாகவே ஓட்டியிருக்கலாம். முன்னது மலிவான வேலை. ஆனால் அந்த நீர்த்த ஆயிலில் எத்தனை மணி நேரம் ஓடியது, பேரிங் எவ்வளவு தேய்ந்தது என்பதைப் பிரிக்காமல் சொல்ல முடியாது. டைமிங் பெல்ட்டின் வயதும் அப்படித்தான்.

டூ ஸ்ட்ரோக்கின் பக்கம் நான் சாய்வது இதனால்தான். அதன் கோளாறை ஒரு மணி நேரத்தில் ஒரு கேஜும் ஸ்பேனரும் காட்டிவிடும். எக்ஸாஸ்ட் மூடியைக் கழற்றினால் பிஸ்டனின் கீறலைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரிங், கேஸ்கெட், கிராங்க் சீல், கார்ப்பரேட்டர் கிட் என்று கரையிலேயே முடியும் வேலை. மூடி போல்ட்டுகள் அலுமினியத்தில் இறுகியிருக்கும். சூடேற்றித்தான் திருப்ப வேண்டும், வேகம் காட்டினால் தலை முறியும்.

இந்தியாவில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இரண்டையும் கெடுக்கும், வெவ்வேறு விதமாக. அவுட்போர்டு கம்பெனிகள் பொதுவாக அனுமதிப்பது 10 சதவீதம்தான். ஃபோர் ஸ்ட்ரோக் கார்ப்பரேட்டரில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் துளை மயிரிழை அளவு; நின்றுபோன பெட்ரோல் அதைத்தான் முதலில் அடைக்கும், ஐட்லிங் நிற்காது. டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்து பெரிது: எத்தனால் ஈரம் குடித்துப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், ஆயிலோ மேலே பெட்ரோலோடு இருந்துவிடும். ஆயிலில்லாத அடித் தண்ணீரைக் குடித்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கலந்ததை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மண்ணெண்ணெய் மாடல் கிடைத்தால்? மண்ணெண்ணெய் மலிவு என்பதே அதன் பலம். இலங்கையில் 2022 ஆகஸ்டில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது அந்தப் பலம் வெகுவாகக் குறைந்தது. பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

கடைசியாக, மூழ்கிய மோட்டார். டூ ஸ்ட்ரோக்கை நல்ல தண்ணீரில் அலசி, பிளக் துளையைக் கீழாகக் கவிழ்த்துக் கயிறு இழுத்து, ஆயில் ஊற்றி, அன்றைக்கே ஓட்டிவிட்டால் பிழைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஆயிலை வெளுப்பு மறையும்வரை மூன்று நான்கு முறை மாற்ற வேண்டியிருக்கும். வண்டியில் ஏற்றி வரும்போதும் ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கம்பெனி குறித்திருக்கும் பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும். மாற்றிக் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, கயிறே அசையாது. அப்போது பலமாக இழுக்காமல் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிடுங்கள்.