கரிசலுக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா, சாம்பலா?

சிமெண்ட் போட்டால் எந்த மண்ணும் கல்லாகிவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். திருமங்கலம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் கரிசலை வெட்டி, சிமெண்டைத் தூவி, மம்பட்டியால் புரட்டி, மேலே தளம் போட்டோம். ஐப்பசி மழையில் தளம் தூக்கிக்கொண்டது. பெயர்த்தெடுத்து ஓர் உருண்டையை உடைத்தால், வெளியே சாம்பல் நிறத் தோல், உள்ளே அதே கருங்களி. களி மிகுந்த மண்ணைப் பொடியாக்காமல் சிமெண்ட் உள்ளே போகாது. அதோடு, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். ஈரக் கரிசலில் அது நடக்கிற காரியமா?

சுண்ணாம்பு வேலை செய்கிற விதமே வேறு. கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் அடுக்கடுக்கான கனிமம். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் ஊதும், வற்றினால் வெடிக்கும். சுண்ணாம்பின் கால்சியம் அங்கே ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்க, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். காய்ந்த மண் எடையில் 4 முதல் 6 சதவீதம் நீற்றிய சுண்ணாம்புத் தூளைப் போட்டு, ரோட்டவேட்டர் ஓட்டி, ஈரத்தோடு மூடி வையுங்கள். முதல் நாள் மம்பட்டியை விடாத மண் மறுநாள் கையில் ரவை மாதிரி உதிரும். அதன்பின் ரோலர். சுண்ணாம்பு மண்ணின் சிலிக்கா, அலுமினாவோடு கூட, மண் வாரக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். சிமெண்ட்தான் வேண்டும் என்பவர்களும் முதலில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு ஒரு நாள் விட்டுவிட்டுக் கலக்கலாம்.

ஒரே ஒரு பயம் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். மண்ணில் சல்பேட் அதிகம் இருந்தால் சுண்ணாம்போ சிமெண்டோ கலந்தபின் எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து, தளத்தையே தூக்கிவிடும். சல்பேட் சோதனை பார்க்காமல் லோடு இறக்காதீர்கள்.

சாம்பல் மலிவு என்பார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் கால்சியம் குறைவு. சுண்ணாம்பு சேராமல் இறுகாது. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சாம்பல் ஓரளவு தானே இறுகும், ஆனால் மதுரைக்கு லாரி வாடகை கட்டாது. குவாரி டஸ்ட் (கல் உடைத்த தூள்) களியின் பங்கைக் குறைக்கும், அவ்வளவுதான்.

எதற்கும் முன்னால் ஊதல் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. 24 மணி நேரம் கழித்து, தண்ணீரில் உள்ளது அதைவிட 50 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் அப்படியே தளம் போடக்கூடாது.

இதெல்லாம் வாசலுக்கும் பாதைக்கும்தான். வீட்டு அஸ்திவாரம் என்றால், மேலாக ஓரடி மண்ணைத் திருத்துவது போதாது. மழையும் வெயிலும் எட்டாத ஆழத்துக்கு, பெரும்பாலும் 3.5 மீட்டர் வரை, அடி பருத்த பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) இறக்குங்கள்.