கை தூக்கச் சொல்வதா, இரண்டில் ஒன்று கேட்பதா?

காதுக்கு எட்டும் ஆகக் குறைந்த ஒலியை அளக்க எங்கள் சென்னைக் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு முறைகள் போட்டியில் இருந்தன. ஒன்று காது பரிசோதனைக்குப் போனவர்களுக்குத் தெரிந்ததுதான். பீப் கேட்டால் கை தூக்க வேண்டும். கேட்டால் 10 டெசிபல் இறக்குவார்கள், கேட்காவிட்டால் 5 ஏற்றுவார்கள். மற்றது கட்டாயத் தேர்வு. அடுத்தடுத்து இரண்டு முறை விளக்கு எரியும், ஒன்றில் மட்டும் ஒலி வரும். எதில் என்று ஊகித்தாவது சொல்லியே ஆக வேண்டும்.

வேகத்தில் முதலாவதுதான் ஜெயிக்கும். ஆனாலும் நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

கை தூக்கும் முறையில் காதோடு ஆளின் சுபாவமும் அளவில் வந்துவிடுகிறது. லேசான சந்தேகத்துக்கே ஒருவர் "கேட்டுச்சு மேடம்" என்பார். தப்பாகிவிடுமோ என்று பயப்படுபவர் நன்றாகத் தெளியும்வரை கையை அசைக்க மாட்டார். இருவர் காதும் ஒரே மாதிரி இருந்தாலும் எண்கள் வேறாக வரும். நடுவே ஒலியே வராத தடவைகளைக் கலந்து பொய் 'ஆமா'க்களை எண்ணலாம். அதில் அவசரக்காரர் பிடிபடுவார். தயங்குபவர் பிடிபட மாட்டார்.

கட்டாயத் தேர்வில் இந்தச் சிக்கல் பெரிதும் குறைகிறது. ஒலி எதில் வரும் என்பதைக் குலுக்கிப் போடுவதால், எப்போதும் 'முதலாவது' என்பவருக்குப் பாதிதான் சரியாகும். ஒன்றுமே கேட்கவில்லை என்று சத்தியம் செய்பவர்கூடப் பாதிக்கு மேல் சரியாகச் சொல்வதுண்டு. கை தூக்கும் முறையில் அந்தக் கேட்கும் திறன் கணக்கிலேயே வராது.

ஒலி அளவை மாற்ற, கேட்டல் ஆய்வாளர் லெவிட் 1971இல் விளக்கிய விதி போதும்: தொடர்ந்து இரண்டு சரி என்றால் ஒரு படி இறக்கு, ஒரு தவறு என்றால் ஒரு படி ஏற்று. இது 70.7 சதவீதம் சரியாக வரும் அளவைச் சுற்றி நிற்கும். மூன்று சரி என்று வைத்தால் 79.4. அதனால் விதியைச் சொல்லாமல் த்ரெஷோல்டு (காதுக்கு எட்டும் ஆகக் குறைந்த ஒலி) எண்ணை மட்டும் எழுதுவதில் பயனில்லை.

நேரம் பிடிக்கும், ஆளுக்குச் சலிப்பு வரும், உண்மைதான். தெரு ஹாரனுக்கோ இரண்டு முறையிலுமே மருந்து கிடையாது. ஒலிபுகா அறைதான் வேண்டும். காது கேளாமை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் கை தூக்கும் முறையே தாராளம்.

எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். தாத்தா பாட்டிகளிடம் இரண்டாவது முறை எடுபடுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; அவர்களுக்கு இப்போதைக்குக் கை தூக்கும் முறைதான், நடுவே ஒலி வராத தடவைகளைக் கலந்து.